ஒட்டகத்தைக் கட்டுங்கள்!



கால்வாய் நகரமான வெனிஸில் உல்லாசப் பயணிகளை ஏற்றித் துடுப்புப் போடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். திருகோணமலை மாவட்டத்தில், மூதூரை அடுத்த கட்டைபறிச்சானுக்கு வாருங்கள். இங்கே துடுப்பு விளையாட்டுக்கல்ல, வயிற்றுப்பாட்டுக்கு. தமிழ்ச் சகோதரர் தோணியில் போய்ப் பிடித்த இறால், மூதூர் முஸ்லிம் வீட்டில் ஆணமாகும்.

1660-இல் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், கண்டி மன்னரின் ஆட்களிடம் சிறைப்பட்டது இந்தக் கொட்டியாரக் குடாக்கரையில்தான். மகாவலி பல கிளைகளாகக் கடலில் சேரும் பூமி இது. தரைவழியே திருகோணமலைக்குப் போவதென்றால், துறைக்குத் துறை பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. பிள்ளைப்பேற்று வலியோடு காத்திருந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள்! 2009 அக்டோபரில் 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன, துன்பம் குறைந்தது.

ஆனால் முற்றிலும் தீரவில்லை. 2021 நவம்பர் 23 அன்று, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாத நிலையில் ஓடிய பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிஞ்சுகள் மாண்டனர்.

தாய்மாரே! பிஸ்மி சொல்லிப் பிள்ளையை ஏற்றுங்கள். அதோடு உயிர்காப்பு அங்கியும் கேளுங்கள். அளவுக்கு மீறி ஆளேற்றினால், “அடுத்த முறை வருகிறோம்” என்று இறங்கிவிடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்னார்கள் நம் நபிகளார் (ஸல்)!