பெயரில்லாத மஞ்சள் துப்பாக்கி

இத்தாலிக்குப் போகிறேன் என்றதும் வானொலி நிலையத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “வெனிஸா, ரோமா?” இரண்டும் இல்லை. மிலானிலிருந்து ரயிலில் பிரேசியா. அங்கிருந்து பேருந்தில் வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால், மெல்லா ஆற்றங்கரையில், மலைகளுக்கு நடுவே கார்தோனே வால் துரோம்பியா என்ற சிற்றூர். துப்பாக்கி செய்தே ஐந்நூறு ஆண்டுகளாகச் சோறு உண்ணும் ஊர் அது. 1526இல் வெனிஸ் படைக்கலக் கிடங்குக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் கொடுத்து, பெரெட்டா குடும்பம் 296 டுகாட் வாங்கிய ரசீது இன்றும் இருக்கிறது.

மேலே உள்ள மலைகளில் இரும்புத் தாது, உலைக்கு எரிக்கக் காட்டு மரம், சக்கரம் சுழற்ற ஆற்றுத் தண்ணீர். தொழில் இங்கே வேர்விட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் தங்கிய வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். நான்கு நாள் பழகியபின், பூட்டிய அலமாரியைத் திறந்து ஒரு துப்பாக்கியைக் காட்டினார். பளபளக்கும் மஞ்சள் பித்தளை உடல். விசைக்குக் கீழே உள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். ஜெய்சங்கரின் ‘கங்கா’ மாதிரி கௌபாய் படங்கள் பார்த்த அப்பாக்களைக் கேளுங்கள், உடனே சொல்வார்கள். அமெரிக்காவின் வின்செஸ்டர் 1866 ரகம். ஆனால் இதில் கம்பெனிப் பெயர் எங்குமே இல்லை.

பாட்டியின் கணவர் இந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் மரக்கட்டை பொருத்துபவர். போன ஆண்டு இறந்துவிட்டார். துப்பாக்கியை யார் பெயரில் பதிவது என்று வீட்டில் பேச்சு. “சும்மா வாங்கிய பொருள்தானே, போலீசில் ஒப்படைத்துவிடலாம்” என்கிறார் மருமகள். “தாத்தா கை பட்டதென்றால் நான் வைத்துக்கொள்வேன்” என்கிறான் ஆங்கிலம் பேசும் பேரன். அவன்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளன். மறுநாள் ஓய்வுபெற்ற துப்பாக்கிக் கைவினைஞர் ஒருவரிடம் அதை எடுத்துப்போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

பெரியவர் முதலில் காந்தத்தை வைத்தார். உடலில் ஒட்டவில்லை, குழலில் ஒட்டியது. விளக்கடித்துக் குழலுக்குள் பார்த்தார். சுருள் பள்ளங்கள் தெரிந்தன. அலங்கார பொம்மை இல்லை, சுடக்கூடியது. அடுத்து தோட்டா அளவு: .38 ஸ்பெஷல். அசல் 1866 சுட்டது .44 ஹென்றி தோட்டா. ஆக, இது நகல்தான். திருகாணியைக் கழற்றி அளந்தார், மில்லிமீட்டர் மரை. அமெரிக்கத் தொழிற்சாலை அங்குலத்தில்தான் போட்டிருக்கும்.

நகல் என்பதில் இந்த ஊருக்கு வெட்கமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்க வணிகர் இங்கு வந்து பழைய கோல்ட் ரிவால்வரின் நகலைச் செய்யச் சொன்னார். அந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் ஆல்தோ உபெர்ட்டி. 1959இல் அவர் தொடங்கிய நிறுவனம் பிறகு வின்செஸ்டர் நகல்களுக்கும் பெயர் பெற்றது. அமெரிக்காவுக்குப் போன துப்பாக்கியானால் இறக்குமதியாளர் பெயர் இருக்க வேண்டும். 1968க்குப் பிறகு அங்கே அது சட்டம். இதில் அதுவும் இல்லை. எங்கோ கப்பலேறிப் போனதல்ல என்று பெரியவர் கணித்தார்.

பிறகு குழலுக்கு அடியில் இருந்த மரத்தைக் கழற்றினார். அங்கேதான் முத்திரைகள். இத்தாலியில் செய்யும் துப்பாக்கி எதுவானாலும், அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுச் சோதித்து முத்திரை குத்திய பிறகே விற்பனைக்குப் போகும். அந்தத் தேசியச் சோதனைக்கூடமும் இதே ஊரில்தான். சின்னக் கட்டத்துக்குள் ‘ஏஏ’ என்று இரண்டு எழுத்து. அதுதான் ஆண்டுக் குறி: 1975.

பாட்டி விரல்விட்டு எண்ணினார். அந்த ஆண்டு கணவர் பட்டறையில்தான் இருந்திருக்கிறார்.

“அப்படியானால் செய்தது யார்?” என்று நான் அவசரப்பட்டேன். பெரியவர் சிரித்தார். வடிவத்தைப் பார்த்தால் உபெர்ட்டி வேலை போலத்தான் இருக்கிறதாம். ஆனால் பெயரில்லாமல் அடித்துச் சொல்ல மாட்டாராம். குழல் ஓரிடம், வார்ப்பு ஓரிடம், மரம் ஓரிடம், மெருகு யார் வீட்டுக் கொல்லையிலோ என்று இந்தப் பள்ளத்தாக்கில் வேலை பிரிந்து போகுமாம்.

கழற்றிய மரத்தின் உட்புறத்தில் பென்சிலால் ‘47’ என்று எழுதியிருந்தது. பாட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏழுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறது பார், இது அவர் எழுத்து” என்றார். “அம்மா, இத்தாலியில் எல்லோரும் ஏழை அப்படித்தான் எழுதுவோம்” என்றார் பெரியவர். பாட்டி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

நான் படமெடுத்துக்கொண்டேன், படத்தோடு சரி. போலித் துப்பாக்கியைக்கூட நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சும்மா விடாது. மாலையில் பேரன் பதிவுத் தாள்களைத் தன் பெயருக்கு நிரப்பிக்கொண்டிருந்தான். மருமகள் ஒன்றும் சொல்லாமல் எங்களுக்குக் காப்பி வைத்தார்.