பாசியைப் பட்டினி போடுங்கள்! மயிலாப்பூர் தெப்பக்குளம் கற்றுத்தரும் தோட்டப் பாடம்

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் மேற்கு வாசலைத் தாண்டினால் எதிரே விரிகிறது தெப்பக்குளம். நடுவில் நீராழி மண்டபம், சுற்றிலும் கல் படிகள், எதிர்க்கரையில் ஓயாமல் ஹாரன் அடிக்கும் ஆர்.கே.மடம் சாலை. பூக்கடை, காய்கறிக்கடை, பாத்திரக்கடை என்று மாடவீதிகள் நெருக்கியடித்தாலும், ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிற இடம் இந்தக் குளக்கரைதான்.

தைப்பூசத்தையொட்டி இங்கே மூன்று நாள் தெப்பத் திருவிழா நடக்கும். முதல் நாள் கபாலீஸ்வரரும் கற்பகாம்பாளும் தெப்பத்தில் வலம் வருவார்கள். அடுத்த இரண்டு நாளும் சிங்காரவேலரின் முறை. மயிலையின் தைப்பூச விழாவை 7-ம் நூற்றாண்டிலேயே பூம்பாவைப் பதிகத்தில் பாடிவிட்டார் திருஞானசம்பந்தர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு தை மாதம் வருவதால், நல்ல மழை பெய்த வருஷத்தில் குளம் அப்போது நிறைந்து நிற்கும். விளக்கு அலங்காரம் தண்ணீரில் தகதகக்கும்.

அதே குளத்தை அக்னி நட்சத்திரத்தில் வந்து பாருங்கள். தண்ணீர் பல படிகள் கீழே இறங்கியிருக்கும். மிச்சமிருப்பது, யாரோ பச்சை பெயின்ட்டைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும். ‘குளம் கெட்டுப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டே நடந்துபோவார்கள். ஆனால் இதே கதை, சின்ன அளவில், நம் வீட்டுக் கொல்லைப்புறத்து அல்லித் தொட்டியிலும் நடக்கிறது. தோட்டத்தில் குட்டிக் குளம் கட்டி, இரண்டே வாரத்தில் அது பச்சையானதும் மனசு விட்டுப்போனவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தப் பெரிய குளம் ஒரு நல்ல வாத்தியார்.

தண்ணீர் ஏன் பச்சையாகிறது?

தண்ணீரைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். வெயில், அசையாத தண்ணீர், சாப்பாடு இந்த மூன்றும் கிடைத்தால் அவை பல்கிப் பெருகும். வெயிலுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. கோயில் குளமும் தொட்டியும் ஓடுகிற தண்ணீர் இல்லை. மிச்சமிருப்பது சாப்பாடு. அதைக் கொடுப்பது நாம்தான்.

குளத்து மீன்களுக்குப் பொரி போடுவது மயிலாப்பூர்க் குழந்தைகளின் பரம்பரைப் பொழுதுபோக்கு. கரையோரம் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மொய்ப்பதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மீன் சாப்பிட்டது கழிவாகிறது. சாப்பிடாதது ஊறி அழுகுகிறது. பூ, இலை, மழையோடு தெருவிலிருந்து வரும் அழுக்கு எல்லாமே கடைசியில் தழைச்சத்தாகவும் மணிச்சத்தாகவும் தண்ணீரில் கரைகின்றன. அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும். கோடையில் தண்ணீர் ஆவியாகும், சத்து ஆவியாகாது. அதனால்தான் சாம்பார் சுண்டுவதைப் போல, வெயில் ஏற ஏறக் குளம் கெட்டிப் பச்சையாகிறது.

இந்த இரண்டில் முக்கியக் குற்றவாளி எது என்பதைக் கனடாவில் ஒரு ஏரி காட்டிக்கொடுத்தது. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு, 226 என்ற எண் கொண்ட ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த இருநிற ஏரியின் படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு கிராம் பாஸ்பரஸ் இருந்தால் அரைக் கிலோ வரை ஈரப்பாசி வளர முடியும் என்று கணக்குச் சொல்கிறார்கள். பொரியிலும் மீன் தீனியிலும் சாணத்திலும் இருப்பது அதே பாஸ்பரஸ்தான்.

பரணர் அன்றே கவனித்தது

பாசி படர்ந்த நீர்த்துறையை நம் ஆட்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 399-வது பாடலில், தலைவியின் பசலையைப் பரணர் ஊர்க் குளத்துப் பாசிக்கு ஒப்பிடுகிறார். கை பட்டால் விலகும், கையை எடுத்தால் மறுபடி பரவிவிடும் என்பது அவர் சொல்லும் பொருத்தம். தொட்டியில் பாசியை வாரி வாரி அலுத்துப்போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

சரி, வாரினால் தீராது என்றால் மருந்து போட்டுக் கொன்றுவிடலாமா? மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். 1904-லேயே அமெரிக்க விவசாயத் துறை விஞ்ஞானிகள் இதைச் சிபாரிசு செய்தார்கள். ஆனால் மயிலாப்பூரானாலும் மாம்பலமானாலும், வீட்டுத் தொட்டிக்கு மயில்துத்தம் வேண்டாம். அளவு கொஞ்சம் தப்பினால் மீனும் போய்விடும். அளவு சரியாகவே இருந்தாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அழுகி முடிந்ததும் அதிலிருந்த சத்து மறுபடி தண்ணீருக்கே வந்து, அடுத்த தலைமுறைப் பாசிக்கு விருந்தாகும்.

மீன்கள் செத்து மிதப்பதும் பெரும்பாலும் ஆக்சிஜன் சங்கதிதான். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, ராத்திரியில் நம்மைப் போலவே அதைச் சுவாசிக்கும். அதனால் விடியற்காலையில்தான் பற்றாக்குறை உச்சத்துக்குப் போகும். காலையில் எழுந்ததும் தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று தீனி போடாதீர்கள். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் உடனே கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

தூர் வாருவது எதற்கு?

அந்தக் காலத்து ஊர்களில் கோடையில் ஏரி, குளங்களைத் தூர் வாரி, வண்டல் மண்ணை வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஆழப்படுத்துவது ஒரு லாபம். வருஷம் முழுக்க அடியில் படிந்த சத்து தண்ணீரை விட்டு வெளியேறி, நெல்லுக்கு உரமானது இன்னொரு லாபம். பாசிக்குப் போகவேண்டிய சாப்பாடு பயிருக்குப் போனது. வீட்டுத் தொட்டிக்கும் இதுவே சூத்திரம்: பாசியைக் கொல்வதைவிட, பட்டினி போடுவது நல்லது.

வீட்டுத் தொட்டியில் செய்யவேண்டியவை

* புதுத் தொட்டி முதல் சில வாரங்கள் பச்சையாவது சகஜம். பதறி முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வந்து, கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றினால் மீனுக்கு நல்லது.

* நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி, தாமரை இலைகள் மூடட்டும். நிழல் விழுந்தால் பாசிக்கு வெயில் குறையும். செடிகளும் சத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

* உரத்தைத் தண்ணீரில் தூவவே கூடாது. செடியின் வேர்ப்பக்கம் மண்ணுக்குள் புதைத்து, மேலே இரண்டு அங்குலம் மணல் போட்டு மூடுங்கள்.

* கொசுவுக்கு கப்பி மீன் நல்ல காவல். டெங்கு பயம் உள்ள ஊரில் மீன் இல்லாமல் தொட்டி வைக்கவே கூடாது. ஆனால் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள்.

* தலைமுடி போல நீளும் நூல் பாசியை ஒரு குச்சியில் நூடுல்ஸ் சுற்றுவது போலச் சுற்றி எடுத்து, பூச்செடிக்கு உரமாகப் போடுங்கள். பழுத்த இலைகளையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

* வருஷத்துக்கு ஒரு முறை அடிச் சேற்றில் ஒரு பகுதியை வாரி ரோஜாத் தொட்டிக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டுத் தூர் வாரல் அதுதான்.

* ஆகாயத் தாமரையோ வெங்காயத் தாமரையோ மிஞ்சினால் காயவைத்து உரமாக்குங்கள். ஏரி, ஆறு பக்கம் மட்டும் வீசாதீர்கள். அங்கே அது ஊரையே மூடிவிடும்.

தொட்டியின் சுவரில் மெல்லிய பச்சைப் படலம் இருந்தால் சுரண்டவேண்டாம். அது ஆரோக்கியமான தொட்டியின் அடையாளம், மீன்களும் அதைக் கொறிக்கும். சொட்டுப் பாசிகூட இல்லாத தண்ணீர் வேண்டுமென்றால் நீச்சல் குளம்தான் கட்டவேண்டும். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரிகிறதா? அது போதும்.

மயிலாப்பூர்க் குளத்துக்கும் நம்மால் ஆனது உண்டு. பூச்சரம், பிளாஸ்டிக், மிச்சப் பிரசாதம் எதையும் தண்ணீரில் போடாமல் இருக்கலாம். குழந்தை ஆசைப்பட்டால் மீனுக்கு ஒரு பிடி பொரி போடட்டும். மீதிப் பாக்கெட்டைப் படியில் உட்கார்ந்து குழந்தையே சாப்பிட்டால் குளத்துக்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது!