கத்தியா, லேசரா?

வீட்டில் பர்ஸ் தைக்கிறவர்கள் வெட்டும் மெஷின் தேடினால் லேசர்தான் முதலில் ஆசை காட்டும். ஆனா ஆம்பூர்ல எனக்குக் கிடைக்கும் துண்டுத்தோல் பெரும்பாலும் குரோமில் பதனிட்டது. அதைச் சுட்டால் வரும் புகை நச்சு. ஆவாரம்பட்டையில் பதனிட்டதும் ஓரம் கருகும். ஒரே அறையில் சமைத்துத் தூங்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

கத்தி மெஷின்களுக்கோ தடிமன் பிரச்சினை. கிரிகட் மேக்கர் 2.4 மி.மீ. வரைதான். பர்ஸுக்குப் போதும், 3.5 மி.மீ. பெல்ட்டுக்குப் போதாது. பரவால்லன்னு அதையே வாங்கினேன்.

இந்த மெஷினுக்குத் தழும்பு தெரியாது, உண்ணிக்கடி தெரியாது. தோலைத் தடவி, எந்தப் பக்கம் இழுபடும் என்று அப்பாதான் குறித்துத் தருகிறார். முப்பது வருஷக் கட்டிங் வேலையில் அவருக்குத் தோள்தான் போச்சு. விரல் போகல.