ஓலை கொண்டு வந்தவர்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில், கோத்தகிரியில் என் வீட்டு வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொள்வேன். தப்புச் சத்தம் கேட்காது. இலங்கையில், டிக்கோயாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்கில் அன்றுதான் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ஆமணக்கு, மாங்கொத்து, வைக்கோல், வரட்டி எல்லாம் சேர்த்துக் கட்டிய கம்பம். அதன்பின் காமனை எரிக்கும் இரவுவரை லயத்து வரிசை வீடுகளில் வேறு பேச்சே இருக்காது.

காமன் கூத்தில் மதனையும் ரதியையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு ஏக்கம் தூதன்மேல்தான்.

தூதன் வேஷம் கட்டியவர் பகலில் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிறவர். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'தூதன் மாமா'. விடிய விடிய நடக்கும் கூத்தில் அவருக்கு அரைமணி நேரம்கூடக் கிடைக்காது. ஆனாலும் மற்றவர்களைப் போலவே விரதம் இருப்பார். பொழுது சாயும்போதே அரிதாரம் பூசிக்கொண்டு பனியில் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பிலும் சும்மா உட்கார்ந்ததில்லை. பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிப்பார், தப்பைக் காய்ச்சிக் கொடுப்பார், ரதி வேஷக்காரருக்குச் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வார்.

அவர் வரும்வரை மதனும் ரதியும் புதுமணத் தம்பதிகள், அவ்வளவுதான். பொட்டலின் ஓரத்தில் அவர் சலங்கை கேட்டதும் ரதிக்கு வயிற்றில் புளி கரையும். அவர் கையில் இருப்பது, சிவனின் தவத்தைக் கலைக்க மதனை அழைக்கும் ஓலை. "வந்துட்டான் பாவி!" என்று கிழவிகள் கம்பளிக்குள்ளிருந்து முணுமுணுப்பார்கள். அந்த வசவை வாங்கிக்கொண்டு, ஓலையை நீட்டிவிட்டு, அவர் இருட்டுக்குள் போய்விடுவார். ரதி தடுப்பதும் மதன் மீறிப் போவதும் நெற்றிக்கண் எரிப்பதும் அந்த ஓலைக்குப் பிறகுதான்.

ஒருமுறை அந்த ஓலையைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தேன். பழைய செக்ரோல் தாள். கொழுந்து எடுத்தவர்களின் பேர்கள், எதிரே முழுநாள் கூலிக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர் என்ற குறிகள். கலங்கிய மையில் வரிவரியாக எங்கள் சனம்.

பிற்பாடு சிலப்பதிகாரம் படித்தபோது மாதவியின் ஓலையோடு கோவலனைத் தேடி அலையும் கோசிகனிடம் நின்றுவிட்டேன். துயரத்தில் உருமாறிக் கிடக்கும் கோவலனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் வாடி நின்ற மாதவிக் கொடியைப் பார்த்து, நீயும் கோவலனைப் பிரிந்த மாதவியைப் போல வாடினாயோ என்று பேச்சுக் கொடுத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறான். எவ்வளவு பதமான மனசு! அந்த ஓலையைப் படித்த பிறகே மாதவிமேல் குற்றமில்லை என்று கோவலன் உணர்கிறான். அதையே தன் பெற்றோருக்கும் கொடுத்தனுப்புகிறான். இரண்டு வீட்டுப் பாரத்தையும் சுமந்தபடி கோசிகன் திரும்பி நடக்கிறான். அவனை எடுத்துவிட்டால், கோவலன் அந்தத் தெளிவு வராமலே மதுரைக்குள் போயிருப்பான். இளங்கோவுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் போகிற வழியில் வந்து போகிற ஒருவனுக்கு இத்தனை இடம் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் ஓலை கொண்டு வருகிறவனுக்கு ஆசிரியர் ஒரு முகம் கொடுத்திருக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் சனத்தைப் பங்கு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கியது. கையெழுத்திட்ட இருவர் பெயரால்தான் அந்த ஒப்பந்தத்தைச் சொல்கிறோம். எங்கள் குடும்பம் முதல் எண்ணுக்குள் போனது. தூதன் மாமா அங்கேயே தங்கினார்.

அட்டன் ஸ்டேஷன்வரை எங்கள் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். அழுகைக் கோச்சி என்று சனம் சொன்ன அந்தக் கோச்சி தலைமன்னாருக்குக் கிளம்பும்போது, சன்னலைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

"மருமகனே, போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடு. யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன்."

ராமானுஜம் கப்பலில் கடல் தாண்டி, மண்டபம் முகாமில் இறங்கியதும் நான் முதலில் கேட்டது ஒரு தாளும் பென்சிலும். எழுதினேன். லயத்தின் நம்பர், கீழ்க்கணக்கு, தோட்டத்தின் பெயர், டிக்கோயா என்று விலாசம் முழுக்கத் தெரிந்தது. அதற்கு மேலே எழுத அவருடைய பெயர் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டிருக்கலாம். அவர் அப்போது முகாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் கேட்கலாம் என்று மடித்து வைத்தேன்.