பேச்சை முடிக்க விடுங்கள்

தொழிலாளர்களை அனுப்புவது பற்றி 2004ஆம் ஆண்டு தென் கொரியாவோடு இலங்கை உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பிறகு எத்தனையோ இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சை எழுதி அங்கே தொழிலுக்குப் போய்வருகிறார்கள். அப்படிப் போய்வந்த என் மாணவர் ஒருவர் ஒரு புதினம் சொன்னார். அவரோடு வேலை செய்த கொரியர் ஆங்கிலம் படிக்கையில் ‘இன்டரப்ட்’ என்ற வினைச்சொல்லில் திணறுவாராம்.

காரணம் உண்டு. ஒருவரின் பேச்சை வெட்டினால் கொரியர் ‘குன்தா’ என்பர். இருவருக்கு நடுவே நுழைந்தால் ‘கியோதுல்தா’. வேலையைக் குழப்பினால் ‘பங்ஹேஹாதா’. ஆங்கிலமோ மூன்றையும் ஒரே சொல்லில் அடக்குகிறது.

நாமும் அப்படித்தான் பிரித்துச் சொல்கிறோம்: பேச்சை வெட்டினான், குறுக்கே விழுந்தான், கரைச்சல் கொடுத்தான். அரபியில் பேச்சை இடைமறிப்பதும், இரத்த உறவை முறிப்பதும் ‘கதஅ’ என்ற ஒரே மூலத்தில் பிறந்த சொற்கள். இது சிந்திக்கத் தக்கது.

மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடிய நாட்களில் நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையே போக்குவரத்துத் தடைப்பட்டது. அதையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். நீர் வடிந்ததும் மக்கள் மீண்டும் கடந்தார்கள். வீட்டில் வெட்டப்பட்ட பேச்சு அவ்வளவு இலகுவில் திரும்பி வருவதில்லை. மகளின் கல்யாணப் பேச்சில் உம்மா வாய் திறந்ததும், “எனக்குத் தெரியும், நீ சும்மா இரு” என்கிறார் வாப்பா. பாடசாலைக் கதை சொல்ல வந்த மகளை, “பிறகு சொல்லு” என்று உம்மா அனுப்புகிறார். இரண்டு தரம் வருவாள். மூன்றாம் தரம் வரமாட்டாள். வழியில் யாராவது அவளுக்குத் தொல்லை கொடுத்தாலும் நமக்குத் தெரியவராது.

மக்காவில் உத்பா என்பவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பிரசாரத்தைக் கைவிடும்படி ஆசை காட்டிப் பேசினார். நபியவர்கள் இறுதிவரை கேட்டார்கள். சொல்லி முடித்துவிட்டீரா என்று வினவிய பின்னரே பதில் சொன்னார்கள். எதிர்க்க வந்தவருக்கே அந்த மரியாதை கிடைத்ததென்றால், நம் மனைவி மக்களுக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும்!

கணவர் மீது முறையிட வந்த கவ்லா (ரழி) அவர்களின் பேச்சை அல்லாஹ் செவியேற்றதாகவே அல்குர்ஆனின் 58ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. ஒரு பெண்ணின் முறைப்பாடு வஹீ இறங்கக் காரணமாயிற்று.

சகோதரிகளே! இன்றிரவு இஷாவுக்குப் பின் பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேளுங்கள். கணவரிடமும், “நான் சொல்லி முடிக்கிறேன், பிறகு நீங்கள் சொல்லுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். அது எதிர்த்துப் பேசுவதல்ல. செவிசாய்க்கும் இல்லங்களாக நம் இல்லங்களை அல்லாஹ் ஆக்கிவைப்பானாக. ஆமீன்.