மாதம் 10 சதவீதமா?

கரன்சி டிரேடிங்கில் "மாதம் 10 சதவீதம் நிச்சயம்" என்கிறவர்களை நம்பி நகையை அடகு வைக்கும் தம்பிகளைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் 1 லட்சம் 5 வருடத்தில் 3 கோடியைத் தாண்டும். பெரிய ஃபண்டுகளே அப்படிச் சம்பாதிப்பதில்லை.

100 மடங்கு லெவரேஜில், அதாவது போட்ட பணத்தைப்போல 100 மடங்கு தொகைக்கு டிரேடிங் செய்தால், விலை ஒரே ஒரு சதவீதம் எதிராகப் போனாலும் போட்ட பணம் மொத்தமும் காலி. இப்படி லெவரேஜில் விலை ஏற்ற இறக்கத்தின் மீது பணம் போடும் சி.எஃப்.டி. கணக்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களில் 74 முதல் 89 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் சொன்னது. அதனால் ஸ்ப்ரெட், கமிஷன், வரி எல்லாம் போக, வங்கி வைப்பு வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கையில் நின்றாலே நல்ல வருடம் என்பேன். முதல் ஆண்டில் போட்ட பணம் கரையாமல் இருந்தாலே போதும்.

பணம் அனுப்புமுன் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் நீங்கள் டிரேடிங் செய்யப்போகும் ஆப்பின் பெயர் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.