பில்லு இருக்குதுங்களா?

பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கையில் கொடுக்கும் பில்லில் பெரும்பாலும் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள் அது. பிரிண்டரின் தலை சூடாகித் தொட்ட இடம் எழுத்தாகிறது. அதனாலேயே வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் கவர் எல்லாமே அதற்கு எதிரி. ஒன்றிரண்டு வருடத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அந்தப் பில்லைக் காட்டினால்தான் செல்லும் என்று சொல்லி விற்கப்படும் எக்ஸ்டெண்டட் வாரண்டியோ மூன்று வருடம், நான்கு வருடம். இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கும் இதைச் சரிசெய்ய அவசரம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

அப்பாவுக்குத் தாளின் ரசாயனம் தெரியாது. கிணத்துக்கடவு காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருடம் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்கியவர். வியாபாரிகள் கொடுக்கும் துண்டுச்சீட்டு ஈரம் பட்டு அழிந்தால் கூலி போய்விடும் என்பது தெரியும். 2022 தீபாவளிக்குக் கோவையில் ஒரு பெரிய கடையில் 43 இன்ச் டிவி வாங்கியபோது, ஊருக்கு வந்து இறங்கிய கையோடு பில்லை ஜெராக்ஸ் எடுத்தார். கூடவே கடையில் கொடுத்த வழவழ நோட்டீஸையும் மடித்து மஞ்சப்பையில் வைத்தார். டிவி 29,990 ரூபாய். கூடுதலாக இரண்டு வருட வாரண்டிக்கு 2,699. கடைக்காரப் பையன் அதை 'ஒரு நாளைக்கு நாலு ரூபாய்கூட ஆகாதுங்க' என்று விற்றான். கணக்கு சரிதான்.

2025 மார்ச்சில் திரையின் வலது பக்கம் செங்குத்தாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் கோடுகள் பத்தாகி, பிறகு அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. அம்மா பத்து நாள் இடது பக்கத்தில் நிற்கும் நடிகர்களை மட்டும் பார்த்தார். "மாமியாக்காரி எப்பவும் வலது பக்கந்தான் நிக்கறா, நல்லதாப் போச்சு" என்றார்.

சர்வீஸுக்கு வந்த தம்பி எங்கள் ஊர் மேம்பாலத்தில் ஏறித் தாமரைக்குளம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். டிவியைத் திறக்கவில்லை. நாலு போட்டோ எடுத்தார்.

"பேனல் போச்சுங்க ஐயா."

"போச்சுன்னா மாத்திக் குடுங்க தம்பி."

"இந்த மாடலுக்குப் பேனல் வர்றதில்லீங்க. ரிப்போர்ட் போட்டுடறேனுங்க."

பேனல் போவது என்றால் என்ன? கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய பிலிம் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சிக்னல் அதன் வழியாகத்தான் போகிறது. அந்த ஒட்டு சூட்டிலும் ஈரத்திலும் விட்டுப்போனால் அந்த வரிசைகள் செத்துவிடும். மீண்டும் அழுத்தி ஒட்டுவதற்கு மெஷின் உண்டு, பெரிய நகரங்களில் அதை வைத்துப் பிழைக்கும் கடைகளும் உண்டு. கம்பெனி சர்வீஸ் அந்த வேலைக்கு வராது. மொத்தப் பேனலையும் மாற்றும், அல்லது கைவிரிக்கும். டிவியின் விலையில் பெரும்பகுதி அந்தப் பேனல்தான்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் அவமானமான விஷயம். கிணற்று மோட்டார் புகைந்தால் இங்கே யாரும் மோட்டாரைத் தூக்கிப் போடுவதில்லை. காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் விட்டுக் காயவைத்துத் தருவார்கள். நாலு தடவை காயில் கட்டிய மோட்டார்கள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் தண்ணீர் இறைக்கின்றன. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளமே தொடங்கியது. உதிரிபாகம், சர்வீஸ் விவரங்களை நிறுவனங்கள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது எண்ணம். எங்கள் பச்சைக் கோட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. பழுது நீக்க இயலாது. திட்டத்தின் விதிப்படி மூன்றாம் ஆண்டுத் தேய்மானம் 50 சதவீதம். ஆகவே 14,995 ரூபாய்க்கு அதே கடையில் செல்லும் வவுச்சர். அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தக்காளி வெலை எறங்குதுன்னு வெச்சுக்க. பதினஞ்சு கிலோ பொட்டி எட்டுக் கிலோ ஆயிருமா?"

"அப்படி இல்லப்பா, பழசுக்கு மதிப்புக் கொறையும்ல?"

"பழசை அவன்கிட்ட யாரு வித்தா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் மொத்த வியாபாரமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கடையில் விற்கும்போது அது பொருளைப் பற்றிய வாக்குறுதி: டிவி போனால் டிவி. கிளெய்ம் வரும்போது அது மதிப்பைப் பற்றிய கணக்கு: டிவி போனால் டிவியின் மீதி. கடையின் பெயரில் விற்றாலும் பின்னால் பெரும்பாலும் வேறொரு வாரண்டி நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ இருக்கும். விற்றவருக்குப் பொருள் மொழி, தீர்ப்பவருக்குக் காப்பீட்டு மொழி. நடுவில் வாங்கியவர்.

நான் சொன்னது நடைமுறையான யோசனை. "விடுங்கப்பா. இப்ப ஆர்டர் போட்டா நாளைக்குப் புது டிவி வந்துரும்."

"நீ வாங்கித் தர்றதுன்னா, அவன் எதுக்குச் சாமி என்ற காசு 2,699 ரூவாய வாங்குனான்?"

இந்த இடத்தில் பழைய கடைக்காரர்களின் வாய்வார்த்தையை நினைத்து ஏங்குவது வழக்கம். 'அந்தக் காலத்தில் பேப்பரா இருந்தது, மனுஷன் சொன்னா சொன்னதுதான்' என்று என் அலுவலகத்தில்கூட ஒருவர் சொன்னார். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய பிளாக் அண்ட் ஒயிட் டிவி வந்தது. விற்ற ரேடியோக் கடைக்காரருக்கு இரண்டு வரவேற்பு உண்டு. தோட்டத்துக்காரர்களுக்கு 'வாங்க', எங்கள் தெருவிலிருந்து போனவர்களுக்கு 'வாப்பா'. 'வாங்க' என்று அழைக்கப்பட்டவர்கள் வீட்டு டிவி ரிப்பேரானால் அன்றைக்கே ஆள் போகும். எங்கள் டிவி மூன்றாம் மாதம் நின்றபோது, 'நீங்க கரண்டை எப்படி இழுத்தீங்களோ' என்றார். அதோடு முடிந்தது. வாய்வார்த்தை உத்தரவாதம் உண்மைதான், ஆனால் அது சாதியும் நிலமும் பார்த்துச் செல்லுபடியானது. 2006 தேர்தலில் திமுக வாக்களித்து, அந்த செப்டம்பரில் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியபோது 'ஓட்டுக்கு லஞ்சம்' என்று நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். எங்கள் தெருவுக்கு அந்த 14 இன்ச் பெட்டி வந்தபோது நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வரிசையில் நின்று ரேஷன் கார்டைக் காட்டினார், டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவுக்குத் தாளின் மேல் இருக்கும் பக்தி அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே தாளிலேயே சண்டை போட்டோம்.

திட்டத்தின் விதிகள் பதினோரு பக்க ஆங்கில பிடிஎஃப். 'அதற்கு இணையான மாடல் அல்லது தேய்மானம் போக மீதி மதிப்பு, நிறுவனத்தின் விருப்பப்படி' என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. வழக்கறிஞர் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "விருப்பம் அவங்களோடதுதான்டா" என்று உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் அப்பா மஞ்சப்பையிலிருந்து அந்த வழவழ நோட்டீஸை எடுத்தார். அது தமிழில் இருந்தது. மூன்றாவது வரி: 'சரிசெய்ய முடியாவிட்டால் புத்தம் புது டிவி!' ஆச்சரியக்குறியோடு. தேய்மானம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று புதிய சட்டம் தனியாகவே வரையறுக்கிறது. இன்னொரு வசதி, கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் 1915க்குப் போன் செய்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம். அது நீதிமன்றம் இல்லை. புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அப்பாதான் பேசினார். பில் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, மார்க்கெட்டில் ஏலம் விடுகிற குரலில் படித்தார்.

நடுவில் இரண்டு முறை 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ஆட்டோ க்ளோஸ். குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் டிக்கெட்டில் அசைவு இல்லையென்றால் மென்பொருள் தானே மூடிவிடும். மாத இறுதி அறிக்கையில் பச்சை நிறம் கூடும். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. "தீர்ந்துருச்சுங்கறான், டிவி அப்படியே கெடக்குது?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு முறையும் மறுபடி திறந்தோம். இரண்டாம் முறை நோட்டீஸின் போட்டோவையும், அடுத்து மாவட்ட ஆணையம் என்ற ஒரு வரியையும் சேர்த்தேன். நான்கு நாளில் கடையிலிருந்தே ஒரு மேலாளர் அழைத்தார். "சார், கஸ்டமர் சேட்டிஸ்ஃபேக்ஷனுக்காக ஸ்பெஷல் அப்ரூவல் வாங்கியிருக்கோம்" என்றார். சலுகை போலச் சொல்லப்பட்டது. அப்பாவிடம் சொன்னபோது, "ஸ்பெசல் என்ன ஸ்பெசல், நோட்டீஸ்ல போட்டதுதானே" என்றார்.

71ஆம் நாள் டிவி வந்தது. வேறு பிராண்ட், அதே 43 இன்ச். அம்மா ரிமோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நம்பர் பட்டனே இல்லாத ரிமோட்டை யார் செய்தது என்று திட்டினார். மாமியார் மறுபடி வலது பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

கொண்டுவந்த தம்பி கையெழுத்துக் கேட்டார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழே படிக்கச் சொன்னார். புது டிவிக்குக் கம்பெனி வாரண்டி ஒரு வருடம். கிளெய்ம் முடிந்துவிட்டதால் பழைய எக்ஸ்டெண்டட் வாரண்டி அன்றோடு காலாவதி.

"அக்டோபர் வரைக்கும் பணம் கட்டியிருக்கறனுங்களே தம்பி. மிச்சம் அஞ்சு மாசம் எங்க போச்சு?"

"அது தெரியலீங்க ஐயா. ஆபீஸ்லதான் கேக்கோணும்."

"நம்பர் சொல்லுங்க" என்றார் அப்பா, பேனாவைத் தேடிக்கொண்டே.